மாதவிடாய் நின்ற பின்னரும் மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்திரசன் எங்கிருந்து கிடைக்கிறது?

மாதவிடாய் நின்று பல வருடங்களான உங்கள் தாயாரின் இரத்தத்தில் ஈஸ்திரசன் மிகக் குறைவு என்று அறிக்கை வந்திருக்க, அதே ஓமோனைக் குறைக்கும் லெட்ரோசோல் வில்லையை ஏன் தினமும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவர் அல்லன். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன். என் சின்னம்மாவும் இந்த வில்லையைத்தான் எடுக்கிறார் என்பதால், எங்கள் வீட்டிலும் எழுந்த கேள்வி இது.

மாதவிடாய் நின்றதும் சூலகங்கள் ஈஸ்திரசன் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுவது உண்மையே. ஆனால் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளிலிருந்து வரும் அந்திரசன்கள் என்னும் ஓமோன்களை ஈஸ்திரசனாக மாற்றும் அரோமற்றேஸ் என்னும் நொதியம் கொழுப்பிழையத்திலும் தசையிலும், ஏன், கட்டியை ஒட்டிய மார்பக இழையத்திலும் இருக்கிறது. உற்பத்தி அங்கேயே நடப்பதால், கட்டியினுள் ஈஸ்திரசனின் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு உயர்வாக இருக்கக்கூடும். இரத்த அறிக்கை அதைக் காட்டாது. லெட்ரோசோல் தடுப்பது இந்த நொதியத்தைத்தான்.

ஈஸ்திரசன் கொழுப்பில் கரைவது. ஆகையால் கலமென்சவ்வை எளிதில் கடந்து, கலத்தின் கருவினுள் இருக்கும், வாங்கி என்னும் தனக்குரிய புரதத்துடன் பிணைகிறது. பிணைந்த வாங்கிகள் வடிவம் மாறி, இரண்டிரண்டாகச் சேர்ந்து, டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட வரிசைகளில் அமர்ந்து, துணைப் புரதங்களையும் வரவழைத்து, கலப்பிரிவைத் தூண்டும் சைக்கிளின் டி1 போன்ற புரதங்களுக்கான பரம்பரையலகுகளை இயக்குகின்றன. புரோஜெஸ்தரோன் வாங்கிக்கான பரம்பரையலகும் இவ்வாறு இயக்கப்படுவதே. எனவே கட்டியின் இழையப் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்திரசன் வாங்கி) உடன் பி.ஆர்.உம் (புரோஜெஸ்தரோன் வாங்கி) பொசிட்டிவ் என்றிருந்தால், ஈஸ்திரசன் வாங்கி அங்கே சும்மா இருக்கவில்லை, வேலை செய்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதன் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் சதவீதம், சாயமேற்றிய இழையத் துண்டில் எத்தனை புற்றுக்கலங்களின் கருக்கள் கபில நிறமாகத் தெரிந்தன என்பதைக் குறிக்கிறது. 1% இருந்தாலே பொசிட்டிவ் என்பார்கள். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70% ஈ.ஆர். பொசிட்டிவ் வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான ரமொக்சிபென் வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஈஸ்திரசனைக் குறைப்பதில்லை. வாங்கியில் தானே அமர்ந்து, துணைப் புரதங்கள் சேர முடியாதபடி அதன் வடிவத்தைத் திருப்பிவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், அதே மருந்து கருப்பையின் உட்படலத்தில் ஈஸ்திரசனைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவேதான் அதை எடுப்பவர்களிடம் இரத்தப்போக்கு உண்டா என்று கிளினிக்கில் விசாரிக்கிறார்கள்.

சில கட்டிகள் காலப்போக்கில் இந்த மருந்துகளை மீறிவிடுகின்றன. கலமென்சவ்வில் இருக்கும் ஹெர்2 போன்ற வேறு வாங்கிகளிலிருந்து வரும் சமிக்ஞைகள் பி.ஐ.3.கே. என்னும் நொதியம் வழியாக உள்ளே சென்று, ஓமோன் குறைந்த நிலையிலும் ஈஸ்திரசன் வாங்கியைத் தூண்டக்கூடும். வாங்கியின் பரம்பரையலகிலேயே விகாரம் ஏற்பட்டு, ஈஸ்திரசன் இல்லாமலே அது இயங்குவதும் உண்டு. அரோமற்றேஸைத் தடுத்து அங்கே பெரிய பயன் இராது என்பதால், வாங்கியையே சிதைக்கும் புல்வெஸ்திரந்து போன்ற மருந்துகளை நாடுகிறார்கள்.

லெட்ரோசோல் உடல் முழுவதும் ஈஸ்திரசனைக் குறைப்பதால் மூட்டுகளும் எலும்புகளும் அதை உணரும். சின்னம்மாவுக்குக் காலையில் விரல்கள் விறைத்து, திருவலையில் தேங்காய்ப் பாதியைப் பிடிக்கவே முடியாதிருந்தது. வில்லையை நிறுத்தப் போனவரை, முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள் என்று மறித்தோம். இரத்த அறிக்கையை வைத்து நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். தாயாருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று அடுத்த தடவை கேளுங்கள்.