மியூஸ்கடே ஒயினுக்கு எந்தச் சாப்பாடு? கேள்வி பதில்

மியூஸ்கடே என்பது மஸ்கட் திராட்சை ஒயினா? இனிக்குமா?

இரண்டும் இல்லை. இது ‘மெலோன் த பூர்கோன்’ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது, இனிப்பே இருக்காது. பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு கடலை நெருங்கும் நான்த் நகரைச் சுற்றி விளைகிறது. 1709-ன் கொடும் குளிரில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, குளிரைத் தாங்கும் இந்த வகையைப் பரவலாக நட்டார்கள்.

லேபிளில் ‘சூர் லீ’ என்று இருக்கிறதே, அது என்ன?

நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் மண்டியாக அடியில் தங்கும். அதை வடிகட்டிப் பிரிக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே வைத்திருந்து, அப்புறம் நேராகப் பாட்டிலில் அடைப்பார்கள். மண்டி மெல்லக் கரைவதால் ஒயின் வாயில் கொஞ்சம் கனமாகத் தெரியும், ரொட்டி மாவின் வாசம் லேசாகத் தட்டும். சில பாட்டில்களில் நாக்கு நுனியில் மெல்லிய சுருசுருப்பு தெரியும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, உள்ளேயே தங்கிவிட்ட கரியமில வாயு. கடையில் இரண்டு வகையும் இருந்தால் ‘சூர் லீ’யையே எடுங்கள்.

சிப்பியோடு இதைத்தான் குடிக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பச்சைச் சிப்பியைத் திறந்தால் ஓட்டுக்குள் உப்புநீர் நிற்கும். அதைக் கொட்டாமல் சிப்பியோடு சேர்த்து உறிஞ்சி, உடனே ஒரு வாய் மியூஸ்கடே குடித்துப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை ஒயினின் புளிப்பே செய்துவிடும். ஓக் பீப்பாய் வாசமோ கனத்த பழச்சுவையோ பொதுவாக இதில் கிடையாது, அதனால் கடல் ருசி அப்படியே நிற்கும். சிவப்பு ஒயினில் அது நடக்காது. அதிலுள்ள இரும்புச்சத்து மீன் வகைகளோடு சேரும்போது கவிச்சி தூக்கிவிடும். ‘வாசமே இல்லாத ஒயின்’ என்று இதைச் சிலர் ஒதுக்குவது எனக்கு வருத்தம்தான். சாப்பாட்டை முன்னால் விட்டுத் தான் பின்னால் நிற்பதே இதன் அருமை.

சிப்பி பிடிக்காது. வேறு என்ன?

கருப்பு ஓட்டு மட்டி. சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, ஒரு கிளாஸ் மியூஸ்கடே ஊற்றி, மட்டியைப் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வாய் திறந்துவிடும். திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். உப்பு சேர்க்கவே வேண்டாம். அவித்த இறால், வறுத்த நெத்திலி, ஆட்டுப்பால் சீஸ் எல்லாமே சேரும். நான்த் பக்கத்தில் ஆற்று மீனுக்கு ஊற்றும் ‘பெர் பிளான்’ வெண்ணெய் சாஸின் கொழுப்பையும் இது நன்றாக வெட்டும்.

பாரிஸில் இருக்கிறோம். வீட்டு மீன் குழம்போடு குடிக்கலாமா?

குழம்போடு வேண்டாம். புளி ஒயினை விடப் புளிப்பு, பக்கத்தில் வைத்தால் ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். காரம் குறைத்துப் பொரித்த மீன் என்றால் தாராளமாக.

எவ்வளவு குளிர வைக்க வேண்டும்?

8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும்.

வாங்கிச் சேர்த்து வைக்கலாமா?

சாதாரண பாட்டிலை இரண்டு மூன்று வருடத்தில் குடித்துவிடுங்கள். கிளிசோன், கோர்ஜ், ல பாலே என்று ஊர்ப்பெயர் போட்டது வேறு ரகம். 2011-ல் தனி அங்கீகாரம் பெற்ற இவற்றை மண்டியின் மேல் ஒன்றரை, இரண்டு வருடம் வைப்பார்கள். கிளிசோன் கருங்கல் நிலத்தில் விளைவது, பத்து வருடம்கூடத் தாங்கும். இதை மட்டும் 12 டிகிரி அளவில், வெண்ணெயில் சமைத்த மீனோடு குடியுங்கள்.