சேஸ் கவுண்டியின் புல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டாவிலிருந்து எம்போரியாவுக்குக் காரில் போகும்போது சேஸ் கவுண்டியைக் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கடந்தேன். கோதுமைக்குப் பெயர்போன மாநிலத்தில் அங்கே மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல். யாரும் குடியேறாமல் விட்டுவிட்ட நிலமா அது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாரும் விட்டுவிடவில்லை. கவுண்டி அமைந்தது 1859-இல். ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று 1862-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. குடியேறியவர்கள் ஏர் பூட்டத்தான் செய்தார்கள். காட்டன்வுட் ஆற்றுப் படுகையில் கொழு இறங்கியது; மேட்டில் இறங்கவில்லை. மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை, அதனூடே வரிவரியாகச் சக்கிமுக்கிக் கல். 1806-இல் இப்பகுதி வழியே போன ஆய்வுப் பயணி ஸெபுலன் பைக் அந்தக் கல்லைக் குறித்துவைத்தார். இந்தக் குன்றுகளுக்கு ஃபிளின்ட் ஹில்ஸ் (சக்கிமுக்கிக் குன்றுகள்) என்ற பெயர் அப்படி வந்தது.

வட அமெரிக்காவில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் இருந்த, உயரமான புல் வளரும் உயர்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான். அயோவா மாநிலத்தின் புல்வெளியை ஏர் ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிட்டது.

நீங்கள் பார்த்தது ‘வெறும் புல்’ அல்ல. பிக் புளூஸ்டெம் என்ற புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் பாதம்போல் இருக்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டும். வசந்தத்தில் பண்ணைக்காரர்கள் இந்தக் குன்றுகளுக்குத் தீ வைக்கிறார்கள். தீ இல்லாவிட்டால் செஞ்சீடர் மரங்கள் புகுந்து புல்லை மூடிவிடும். கருகிய தரையில் துளிர்க்கும் இளம்புல்லில்தான் மாடுகள் கொழுக்கின்றன.

அந்தச் சுண்ணாம்புக் கல்லாலேயே காட்டன்வுட் ஃபால்ஸ் என்ற ஊரில் நீதிமன்றம் கட்டினார்கள். 1873-இல் முடிந்த அக்கட்டடம் இன்றும் இயங்குகிறது. அதே 1873-இல்தான், மாநிலத்துக்கே பெயர் தந்த கான்சா பூர்வகுடி மக்களை அண்டைக் கவுண்டியிலிருந்த அவர்களின் ஒதுக்கிடத்திலிருந்து அரசு இன்றைய ஓக்லஹோமாவுக்கு அப்புறப்படுத்தியது. கவுண்டியின் வரலாற்றைக் குடியேற்றத்திலிருந்து தொடங்குவதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1996-இல் இங்கே தேசிய உயர்புல்வெளிக் காப்பகம் அமைந்தது. 2009-இல் காட்டெருமைகள் திரும்பி வந்தன. கான்சா மக்களோ, அண்டைக் கவுண்டியின் கவுன்சில் குரோவ் என்ற ஊர் அருகே தங்கள் பழைய நிலத்தில் ஒரு துண்டை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்த முறை நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் காப்பகத்துக்குப் போங்கள். வடக்கே சிறிது தூரம்தான் கவுன்சில் குரோவ், அங்கும் போய்வாருங்கள்.