குழுச் சேமிப்பை வங்கி முடக்கலாமா?

உங்கள் சுய உதவிக் குழுவுக்கு வங்கியில் 4 லட்சம் கடன் கேட்டதற்கு, சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால்தான் தருவோம் என்று மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கேட்க விதியே இல்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு 10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அந்தப் பணம் சும்மா கிடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கடன் தரும் முன் குழுவைத் தரம் பார்ப்பார்கள் இல்லையா? அதில் கூட்டம், சேமிப்பு, வரவு செலவுப் பதிவு இவற்றோடு உறுப்பினர்களுக்குள் கடன் சுழல்கிறதா, தவணை ஒழுங்காகத் திரும்புகிறதா என்றும் பார்ப்பார்கள். அதனால் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனை நிறுத்தவே வேண்டாம். (மேலாளர் கோபித்துக்கொள்வாரே என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள், அது வீண்.)

கடன் மனுவைக் குழுவின் தீர்மான நகலோடு கொடுத்து, கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல மேலாளர்கள் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். அப்புறமும் நகரவில்லையா, வாழ்வாதார இயக்கத்தின் வட்டார அலுவலகம் மூலம் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் (மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைப்பவர்) போங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.