தையில் போட்ட மிளகாய் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் தை பிறந்ததும் கோவா, கரட், போஞ்சி, மிளகாய் நான்கும் போட்டேன். கோவா நன்றாக வந்துவிட்டது. கரட் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. போஞ்சியும் மிளகாயும் இரண்டு வாரமாகியும் தலைகாட்டவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். கடையில் பழைய விதையைத் தந்துவிட்டார்களா?

பதில்: கடைக்காரரை இப்போதே குறை சொல்ல வேண்டாம், அக்கா. உங்கள் பக்கம் தையில் பல இரவுகளில் குளிர் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். கோவா விதை அந்தக் குளிரையும் தாங்கி முளைக்கும். மிளகாய் அப்படியில்லை. 15 பாகை மண்ணில் மூன்று வாரத்துக்கு மேல் படுத்துக் கிடக்கும். அதற்கும் கீழே போனால் அசையவே அசையாது. 25 பாகை கிடைத்தால் எட்டு, பத்து நாளில் வந்துவிடும்.

போஞ்சி போட்ட இடத்தில் ஒரு விதையைக் கிளறி எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஊதி, கெட்டியாக இருந்தால் பொறுத்திருக்கலாம். தோல் வழுக்கிக்கொண்டு, உள்ளே கூழாகி நாறினால் அழுகிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் இரண்டு வேளை ஊற்றுகிற தண்ணீர்தான் எனக்குச் சந்தேகம். விதைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நின்றால் விதைக்கு மூச்சு முட்டும். குளிரும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஒரு பிடி மண்ணைப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது. வெயில் ஏறிய பிறகு ஒரு வேளை தெளித்தால் போதும். போஞ்சியை ஊறவைத்தும் நட வேண்டாம். குளிர் குறைந்து பங்குனி வரட்டும், அப்போது மேட்டுப்பாத்தியில் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள்.

மிளகாய்க்கு உங்கள் விறகடுப்பு போதும். விதையை ஈரத்துணியில் சுற்றி, வாய் முழுதும் மூடாத பையில் வைத்து, அடுப்புக்கு அருகே கை வைத்தால் இதமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சுட்டால் விதை வெந்துபோகும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையில் அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து ஜன்னலோரம் வளர்த்தெடுக்கலாம். ஒன்று, நிறம் பூசிய விதை என்றால் அது மருந்து. துணியில் சுற்றாமல் நேரே கோப்பையில் போட்டு, கோப்பையை அந்த இதமான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரட்டுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். அதன் பிரச்சினை மேல்மண். பொடி விதை என்பதால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மூடினால் முளை வெளியே வருமுன் களைத்துவிடும். பகல் வெயிலில் மேல்மண் பொருக்குத் தட்டினாலும் அதே கதைதான். விதைத்ததும் மானாப்புல்லை மெல்லியதாகப் பரப்பி அதன்மேல் தெளியுங்கள். முதல் பச்சை தெரிந்த அன்றே புல்லை எடுத்துவிட வேண்டும். வெற்றிடத்தை நிரப்ப நாற்றைப் பிடுங்கி நடாதீர்கள், கிழங்கு கவையாகப் பிரியும். திரும்ப விதையுங்கள்.

இடம் சும்மா கிடக்கிறதே என்று தோன்றினால் இப்போதைக்குச் சலாது போடலாம். அதற்குக் குளிர் பிடிக்கும், வெளிச்சமும் வேண்டும். மண்ணின்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் சரி.

விதைமேல் இன்னும் சந்தேகமா? மருந்து பூசாத விதை என்றால் மிச்சமிருப்பதில் 10 எடுத்து, அதே அடுப்போரத்தில் ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் விதையில் குற்றமில்லை. மூன்று வாரமாகியும் இரண்டு மூன்றுதான் என்றால், பைக்கற்றில் உள்ள திகதியைக் காட்டிக் கடைக்காரரிடம் தாராளமாகக் கேளுங்கள்.