என்ஜின் ஆயிலை மாற்றினால் காரின் பிக்கப்பும் சத்தமும் நிஜமாகவே மாறுமா?

கேள்வி இதுதான்: 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் சார் தாங்கும்" என்கிறார். நண்பரோ ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றினால் கார் பறக்கும் என்கிறார். எதை ஊற்றுவது, ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் காதுக்கும் காலுக்கும் தெரிகிற அந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி ஆயிலைத் தேர்ந்தெடுத்தால், என்ஜினுக்கு ஆகாததைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டப்பாவில் இருக்கும் எண்கள். பின்னால் வரும் 30, 40, 50 என்பது என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. முன்னால் வரும் 5டபிள்யூ, 20டபிள்யூ என்பவை குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதற்கானவை. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரியிலும் சோதனை நடக்கிறது. "நம்ம ஊரில் பனியா கொட்டுது, அந்த முதல் எண் நமக்கு எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் என்ஜினைப் பொறுத்தவரை சென்னையின் மே மாதக் காலைப் பொழுதும் குளிர்தான். ஆயில் வேலை செய்ய வேண்டிய வெப்பம் 90, 100 டிகிரி. நீங்கள் சாவியைத் திருப்பும்போது சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கும் ஆயில் 30 டிகிரியில் கிடக்கிறது. 40 டிகிரியில் அளந்து பார்த்தாலே ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஏறத்தாழ 60, 65 சென்டிஸ்டோக்ஸ் காட்டும். 20டபிள்யூ-50 ஏறத்தாழ 160. இரண்டரை மடங்கு கெட்டி. 30 டிகிரியில் இடைவெளி இன்னும் கூடும்.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. வெளியே 25 டிகிரியா 42 டிகிரியா என்பதை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பெரிதாக உள்ளே விடுவதில்லை. கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட 90 டிகிரியைச் சுற்றியே நிற்கும். ஆயில் கொஞ்சம் முன்பின் போகும், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் சும்மா சொல்லவில்லை என்பதும் உண்மை. அம்பாசடர் காலத்து என்ஜின்களில் பேரிங் இடைவெளி அதிகம், அப்போது கிடைத்த ஆயில்களும் சூட்டில் சீக்கிரம் நீர்த்துப் போயின. அந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-40 சரியான பதில். அந்தப் பதிலை இன்றைய என்ஜினுக்கும் நீட்டுவதில்தான் சிக்கல்.

சரி, ஓட்டும்போது என்ன தெரியும்?

கெட்டி ஆயில் ஊற்றினால் முதலில் சத்தம் குறையும். டேப்பெட் (வால்வுகளைத் தள்ளும் பாகம்) தட்டுவது, பழைய என்ஜினில் பிஸ்டன் ஆடுவது, பேரிங் பக்கத்து அதிர்வு எல்லாம் கொஞ்சம் மட்டுப்படும், ஏனென்றால் இடைவெளிகளில் தடிமனான ஆயில் படலம் மெத்தையாக நிற்கிறது. ஆயில் பிரஷர் காட்டும் மீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் முள்ளும் மேலே நிற்கும். இரண்டையும் பார்த்து "வண்டி கும்முன்னு ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் பிரஷர் அதிகம் என்றால் ஆயில் அதிகமாகப் போய்ச் சேர்கிறது என்று பொருள் இல்லை. கெட்டி ஆயில் குறுகலான துளைகளில் நுழைய மறுக்கிறது, அதனால்தான் பிரஷர் ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் ஏறினால் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்ப சம்ப்புக்கே அனுப்பிவிடும். காலை ஸ்டார்ட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே ஆயிலுக்காகக் காத்திருக்கும்.

என்னிடம் இருப்பது பழைய ஸ்விஃப்ட் டீசல், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்ஜின். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 மூன்றும் அதில் ஓடியிருக்கின்றன. 15டபிள்யூ-40 இருந்தபோது ஐடிலில் அந்த டீசல் தட்டல் கேட்க இதமாக இருந்தது. ஆனால் அதிகாலையில் ஸ்டார்ட் செய்ததும் டைமிங் செயின் பக்கத்திலிருந்து வரும் கரகரப்பு அடங்கக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த என்ஜினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது, ஆயில் வந்து சேரும்வரை செயின் தொளதொளவென்று ஆடும். 5டபிள்யூ-40இல் அந்தத் தொல்லை இல்லை, ஐடில் சத்தமும் பரவாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூன்றுக்கும் இடையே பிக்கப்பில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்தது என்று யாராவது சொன்னால் டர்போ பூஸ்ட் வருவதைச் சொல்கிறார் என்றுதான் நினைப்பேன்.

பிக்கப் விஷயத்துக்கு வருவோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. மழைநீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் மிதப்பது போல, சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. படலம் எவ்வளவு கெட்டியோ அதைக் கிழித்துக்கொண்டு சுற்ற அவ்வளவு சக்தி வீணாகும். இதனால்தான் இளக்கமான ஆயிலில் என்ஜின் கொஞ்சம் லேசாகச் சுற்றுவது போல இருக்கும். "கொஞ்சம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். 20டபிள்யூ-50இலிருந்து 5டபிள்யூ-30க்கு மாறினால் 80, 90 பிஎச்பி காரில் கிடைப்பது ஒன்றிரண்டு பிஎச்பி இருக்கலாம். ஏசி கம்ப்ரசர் அதைவிட அதிகமாகத் தின்கிறது. பறக்க வேண்டுமென்றால் ஏசியை அணைத்தால் போதும்.

மைலேஜில் மட்டும் சாதாரண ஆளுக்கு ஏதோ கண்ணில் படலாம், அதுவும் ஊருக்குள் குறுகிய தூரம் ஓட்டுபவருக்கு. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்றால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை, ஆயில் அதற்குப் பிறகும் பத்து நிமிடமாவது பின்தங்கியே இருக்கும். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஆபீஸ் என்றால் உங்கள் என்ஜின் வாழ்நாள் முழுக்கக் கெட்டியான, சூடேறாத ஆயிலில்தான் ஓடுகிறது. அங்கே 5டபிள்யூவும் 20டபிள்யூவும் ஒன்றல்ல. இருந்தாலும் லாபம் சில சதவிகிதத்துக்குள்தான். டயரில் காற்று குறைந்தால் அதுவே போய்விடும்.

அப்புறம் ஒரு சந்தேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தால் "வெண்ணெய் மாதிரி" ஓடுகிறது என்கிறோமே, அந்தப் புகழில் ஆயிலுக்கு எவ்வளவு பங்கு? அதே நாளில் ஏர் ஃபில்டர் மாற்றியிருப்பார்கள், ஸ்பார்க் பிளக் பார்த்திருப்பார்கள், டயரில் காற்று அடித்திருப்பார்கள், வண்டியைக் கழுவியும் கொடுத்திருப்பார்கள். பணம் கொடுத்த மனசும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். ஆயிலின் பங்கு பூஜ்யம் என்று சொல்லவில்லை. மல்டிகிரேட் ஆயிலில் கெட்டித்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர்கள் ஓட ஓட அறுபட்டு ஆயில் இளகிவிடும். பெட்ரோல் என்ஜினில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கலக்கும். டீசலில் கரி சேர்ந்து எதிர்த்திசையில் கெட்டியாகும். எனவே பழையதை வடித்துப் புதியது ஊற்றினால் எந்த பிராண்டாக இருந்தாலும் சத்தம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தைப் புதிய பிராண்டின் மகிமை என்று எழுதிவைத்துக்கொள்கிறோம்.

உங்கள் நண்பர் சொன்ன ஃபுல்லி சிந்தெடிக். அது நல்ல பொருள், ஆனால் அதன் நன்மை நம் உணர்வுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கடும் சூட்டில் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகாது, டர்போ பேரிங்கில் கரியாகப் படியாது, பாலிமர் குறைவாகத் தேவைப்படுவதால் நீண்ட நாள் தன் கிரேடில் நிற்கும். டர்போ காருக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். பெயரில் மட்டும் மயங்க வேண்டாம். கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரோகிராக் செய்து (ஹைட்ரஜன் சேர்த்து உடைத்து) எடுக்கும் குரூப் 3 ஆயிலையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இரண்டுக்கும் இடையே தகராறு வந்தது. 1999இல் விளம்பரங்களை ஆராயும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அன்றிலிருந்து டப்பாவில் ஃபுல்லி சிந்தெடிக் என்று இருப்பதில் பெரும்பாலானவை குரூப் 3தான். தரம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை, இன்றைய குரூப் 3 அருமையாகவே இருக்கிறது. செமி சிந்தெடிக் என்ற பெயர்தான் ரொம்பத் தளர்வானது. எத்தனை சதவிகிதம் கலந்தால் செமி என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் அளவு கிடையாது.

கிரேடு ஒன்றாக இருந்தாலே ஆயில் ஒன்றாகிவிடாது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெட்ரோல் காருக்கு ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியத் துறை அமைப்பு) வகுத்த எஸ்பி என்பது 2020இல் வந்த தரம். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் பெடலை அழுத்தும்போது, கலவை முன்கூட்டியே தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் கால்சியம் சார்ந்த டிடர்ஜென்ட் அதிகமானால் அது கூடுகிறது என்று கண்டுபிடித்து, மெக்னீசியம் பக்கம் நகர்த்தினார்கள். இந்த வித்தியாசத்தை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. உடையும்போதுதான் தெரியும்.

டீசலில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் மலிவு, சத்தமும் குறையும், பிஎஸ்4 டீசல் காரில் பலர் ஊற்றி ஓட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய ரக லாரி ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதிகம், அந்தச் சாம்பல் டிபிஎஃப்பில் போய் நிரந்தரமாகத் தங்கிவிடும். கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பலை முடியாது. அதனால்தான் கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த சி2, சி3 போன்ற சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள். (பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். அதே ஆயிலில்தான் கிளட்ச்சும் முங்கிக் கிடக்கிறது, வழுக்கும். ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறி இருப்பதை வாங்குங்கள்.)

கம்பெனி சொல்வது மட்டுமே வேதமா என்றால், அதுவும் இல்லை. எரிபொருள் சிக்கன விதிகளுக்காகவும் மெல்லிய ஆயில்களைப் பரிந்துரைக்கிறார்கள். 0டபிள்யூ-20 போடச் சொல்லும் டொயோட்டா கையேடுகளிலேயே, அதிக வேகத்திலோ அதிகச் சுமையோடோ ஓட்டினால் இன்னும் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி வரும். ஆக, கையேடு அனுமதிக்கும் பட்டியலுக்குள் ஒரு படி மேலே போவதில் தப்பில்லை.

உங்கள் காருக்கு வருகிறேன். அடுத்த சர்வீஸுக்கு முன் டிப்ஸ்டிக்கைச் சமதரையில், என்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆயில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையவில்லை என்றால் 80,000 கிலோமீட்டர் என்பது ஒரு வயதே இல்லை, அதே 5டபிள்யூ-30ஐ ஏபிஐ எஸ்பி தரத்தில் ஊற்றுங்கள். டர்போ இல்லாத என்ஜின் என்பதால் விலை உயர்ந்த சிந்தெடிக்கை நீங்கள் தவிர்த்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, நேரத்துக்கு மாற்றினால் போதும். ஆயில் குறைகிறது என்றால், அல்லது ஹைவேயில் நாள் முழுக்க 110, 120 என்று ஓட்டுபவர் என்றால், கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40. 20டபிள்யூ-50க்குப் போக வேண்டாம். உங்கள் என்ஜினில் வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் பிரஷர் மூலம் மாற்றும் விவிடி இருக்க வாய்ப்பு அதிகம், கெட்டி ஆயிலில் அது மந்தமாகும். மேக்ஸ் கோட்டுக்கு மேல் நிரப்பவும் விடாதீர்கள்; கிராங்க் அதில் அடித்து நுரைக்க வைத்தால் எவ்வளவு நல்ல ஆயிலும் படலமாக நிற்காது.

வெளி ஒர்க்ஷாப் என்றால் ஆயிலை நீங்களே சீல் உடையாத டப்பாவாக நம்பகமான டீலரிடமோ பெட்ரோல் பங்கிலோ வாங்கிக் கொடுங்கள். ஊற்றி முடித்ததும் காலி டப்பாவை வாங்கி அடியில் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு அந்த டப்பாதான் வேண்டும்.