அந்த அறையின் சாவி இப்போது அவர்கள் கையில்

கேள்வி: அமெரிக்காவில் சிறுவயதில் பாதிரியார்களால் பாலியல் கொடுமைக்கு ஆளான ஆறு பேர், தங்களுக்கு நடந்ததைத் தாங்களே காட்சிகளாக எழுதி நடித்த ‘ப்ரொசெஷன்’ என்ற ஆவணப்படத்தைப் போன இதழில் பாராட்டியிருந்தீர்கள். பார்க்க உட்கார்ந்தேன், அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். வயதான மனிதர்களை மறுபடி அந்த அறைக்குள் தள்ளி அழ வைப்பதற்குப் பெயர் சிகிச்சையா? மன்னித்து, மறந்து, மிச்ச வாழ்க்கையைப் பார்ப்பதுதானே நல்லது? புண்ணை ஏன் கிளற வேண்டும்?

பதில்: ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத்தான் கிளறக் கூடாது. இவர்களுடையது மேலே தோல் மூடி உள்ளே சீழ் கோத்துக் கிடந்த புண். மறந்துவிடலாமே என்கிறீர்கள். இந்தக் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் பலர் வாழ்நாளில் பாதியை அந்த முயற்சியில்தான் செலவழிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தும் மறக்கவில்லை. மனம் ஒதுக்கி வைத்ததை உடம்பு வைத்துக்கொண்டிருக்கிறது. தூபத்தின் வாசனை வந்தால் வயிறு பிசைகிறது, கறுப்பு அங்கியைத் தெருவில் பார்த்தால் கை வியர்க்கிறது. “மறந்துவிடு” என்று அந்த உடம்பிடம் யார் போய்ச் சொல்வது?

அப்புறம், ‘தள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

2018 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் பாதிக்கப்பட்ட சிலர் தங்கள் வழக்கறிஞருடன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். அதைப் பார்த்த இயக்குநர் ராபர்ட் கிரீன், அந்த வழக்கறிஞர் ரெபெக்கா ராண்டில்ஸைத் தொடர்புகொண்டு, நடந்ததை நடித்துப் பார்த்து மனக்காயத்தை ஆற்றும் நாடக சிகிச்சை முறையில் ஒரு படம் செய்யலாமா, அதைப் பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்தே செய்யலாமா என்று கேட்டார். ஆறு பேர் சம்மதித்தார்கள். மோனிகா ஃபின்னி என்ற நாடக சிகிச்சையாளர் தொடக்கத்திலிருந்தே கூட இருந்தார். வேலை முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எந்தக் காட்சியை எடுப்பது, எங்கே எடுப்பது, எதை எடுக்கவே கூடாது என்பதில் அவர்களுடைய சொல்தான் செல்லுபடியானது. படத்தை உருவாக்கியவர்கள் என்று அந்த ஆறு பேரின் பெயர்களும் இயக்குநர் பெயரோடு சேர்ந்தே வருகின்றன.

இவர்கள் தங்கள் கதையை இதற்கு முன் சொல்லாதவர்கள் இல்லை. வழக்கறிஞரிடமும் திருச்சபை அமைத்த குழுக்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். அங்கெல்லாம் கேள்வி கேட்பவர் வேறொருவர், எது போதுமான பதில் என்று தீர்மானிப்பவரும் வேறொருவர். எந்தத் தேதி, எந்த அறை, கதவு எந்தப் பக்கம் திறந்தது, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? பத்து வயதில் அனுபவித்த கையாலாகாத நிலையை ஐம்பது வயதில், கோட்டு போட்டுக்கொண்டு, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மறுபடி அனுபவிக்கிறார்கள். நாடகம் மாற்றுவது இதைத்தான். கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் சொல்கிறார். “போதும், நிறுத்து” என்று அவர் சொன்னால் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தச் சிறுவனால் செய்ய முடியாமல் போனது அந்த ஒன்றைத்தான்.

பாதிரியார்கள் செய்த கொடுமைக்கு நாடகம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு என் மனதில் இன்னொரு காரணமும் உண்டு. திருப்பலி என்ற கத்தோலிக்கப் பூசையே பெரிய நிகழ்த்துகலை. அதற்கென்று உடை உண்டு, மணியோசை உண்டு, மனப்பாடமான வசனங்கள் உண்டு. நடுவில் நிற்பவரைக் கடவுளின் பிரதிநிதியாகப் பார்க்கும்படி ஊரே பழக்கப்பட்டிருக்கிறது. பூசையில் பாதிரியாருக்கு உதவும் பீடச்சிறுவனுக்கும் அதில் ஒரு வேடம்: முழந்தாளிடு, தாங்கிப் பிடி, கேட்டதற்குத் தலையாட்டு. அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகளை வளைத்தார்கள். “இது நமக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள ரகசியம்” என்றால் பிள்ளை நம்பத்தானே செய்வான்? இப்போது அதே அங்கியை இவர்கள் கையில் எடுக்கிறார்கள், பூசைக்கு உடை மாற்றும் அறையை அரங்கமாக அமைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கி வெறும் துணி. சுவரைப் பின்னாலிருந்து பார்த்தால் பலகையும் ஆணியும். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையால் தொட்டால்தான் தெரியும்.

ஒருவர் எழுதிய காட்சியை இங்கே சொல்ல வேண்டும். தன் புகாரைக் கையாண்ட திருச்சபைக் குழுவின் முன்னால் தான் நிற்பதாக அவர் எழுதினார். அவருடைய கோபத்தில் பெரும்பங்கு அந்த மேசையின் மேல்தான் இருந்தது. மேசைக்குப் பின்னால் நடிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் கத்துகிறார். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தலை யாரும் குறுக்கே வெட்டவில்லை.

இன்னொருவரின் வழக்கு நடந்துகொண்டிருந்ததால் அவர் தன் கதையைப் பேச முடியவில்லை. ஒதுங்கிப் போயிருக்கலாம். மற்றவர்களின் காட்சிகளில் நடிக்க முன்வந்தார், பாதிரியார் வேடம் உட்பட. நண்பன் தன் பயத்தை எதிர்கொள்ள, தன்னைச் சிதைத்தவனின் உடையை அவர் போட்டுக்கொள்கிறார். இதைவிடப் பெரிய அன்பை நான் திரையில் பார்த்ததில்லை. வேடம் மாற்றிக்கொள்வது இந்தச் சிகிச்சை மரபில் பழைய உத்திதான். வியன்னாவில் வேலை செய்த மனநல மருத்துவர் ஜேக்கப் மொரீனோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாடகத்தைச் சிகிச்சையாக்கத் தொடங்கினார். தன்னை அடக்கியவனின் இடத்தில் நின்று பார்க்கும்போது அவன் சாதாரண அளவுக்குச் சுருங்கிவிடுகிறான் என்பது இதில் ஈடுபட்டவர்களின் அனுபவம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே உறுத்திய விஷயம் அது. காட்சிகளில் வரும் சிறுவயது வேடங்களையெல்லாம் ஒரே பையன்தான் நடிக்கிறான். அவனை இதற்குள் கொண்டுவரலாமா? கொடுமை நடக்கும் கணம் எங்கும் காட்டப்படவில்லை. அதற்கு முன்பும் பின்பும்தான் காட்சிகள் நிற்கின்றன. பெரியவர்கள் அவனிடம் “உனக்குச் சரியா?” என்று கேட்டுக் கேட்டு நடந்துகொள்கிறார்கள். தங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு யாராவது ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு, “வாருங்கள், உங்கள் கதையை நடிக்கலாம்” என்று கிளம்பினால் நான் முதல் ஆளாகத் தடுப்பேன். பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாமல், பாதியில் விலகும் உரிமை இல்லாமல் செய்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். பழைய காயம் அப்படியே திரும்பி வரும்.

மன்னிப்புக்கு வருகிறேன். யாரை மன்னிப்பது? அந்த ஊர்த் திருச்சபையின் நிர்வாகமான கான்சஸ் சிட்டி மறைமாவட்டம் 2008-ல் 47 பேருடன் 1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, பிள்ளைகளைப் பாதுகாப்போம் என்று வாக்குறுதிகளும் கொடுத்தது. 2010 டிசம்பரில் அதே மறைமாவட்டப் பாதிரியார் ஒருவரின் கணினியில் சிறுமிகளின் ஆபாசப் படங்கள் அகப்பட்டன. மாதக்கணக்கில் மறைமாவட்டம் அதை முறைப்படி காவல்துறைக்குச் சொல்லவில்லை. அதற்காக 2012-ல் மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் ராபர்ட் ஃபின் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2015 ஏப்ரல் வரை அவர்தான் ஆயர். சட்டத்தையும் பாருங்கள். இப்படிப்பட்ட கொடுமைக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட மிசௌரியில் பொதுவாக 31 வயதுதான் எல்லை. பதினொரு வயதில் கொடுமைக்கு ஆளானவன், ஆணையம் சொன்ன அந்த 24 ஆண்டுகள் கழித்து வாய் திறந்தால் அவனுக்கு 35. நீதிமன்றக் கதவு நான்கு வருடம் முன்பே மூடியாகிவிட்டது. அதனால் இந்தப் படத்தை நீதிக்கு மாற்றாக யாரும் காட்ட வேண்டாம். அதற்கான போராட்டம் தனியாக நடக்கிறது, நடக்கவும் வேண்டும். மன்னிப்பதா வேண்டாமா என்பது அந்த ஆறு பேர் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு. வெளியே இருக்கும் நாம் அதை அவர்களுக்கு அறிவுரையாகச் சொல்லும்போது, “வெளியே சொல்லாதே” என்று அன்றைக்குச் சொன்னவர்களின் குரல்தான் அவர்கள் காதில் விழும். நீங்கள் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது தெரியாது.

அரை மணி நேரத்தில் நிறுத்தியதில் தப்பில்லை, நானும் நடுவில் ஒருமுறை எழுந்து போனேன். முடிந்தால் மிச்சத்தையும் பாருங்கள். அவர்களில் ஒருவர், சிறுவனாக இருந்த தனக்கே ஒரு கடிதம் எழுதுகிறார். அதை அந்தப் பையன் சத்தமாக வாசிக்க, எழுதியவரே எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வெகு தூரம் தள்ளி வருகிறது அது.