ஆறு ஏறும்போது: ஆற்றோர லயங்களிலிருந்து சில கேள்விகள்

2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கை மலையகத்தை உலுக்கிய பிறகு, லயங்களிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வரும் கேள்விகளில் பாதி ஆற்றைப் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கம்பளைப் பக்கம் ஆற்றை ஒட்டி எங்கள் லயம். இங்கே வெறும் தூறல்தான், ஆறோ வாசலுக்கு வந்துவிட்டது. எப்படி?

பதில்: உங்களுக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. ஹட்டன் பக்கத்து மழை நாவலப்பிட்டி வழியாக இறங்குகிறது. தலவாக்கலைப் பக்கத்து மழை கொத்மலை ஓயாவாக வந்து, கம்பளைக்கு மேலேயே உங்கள் ஆறான மகாவலியில் சேர்கிறது. கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பி வான்கதவு திறந்தால் இன்னும் கூடும். அதனால் வாசல் மழையை நம்பாதீர்கள். மேலே இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

மழை கொட்டும்போதே ஆறு திடீரென வற்றினால், மேலே மண் சரிந்து ஆற்றை மறித்திருக்கலாம். அது உடைந்தால் நேரம் தராது. மீன் பிடிக்க இறங்காமல் உடனே மேட்டுக்குப் போங்கள்.

கேள்வி: மேட்டுக்கு என்றால் மண்சரிவு பயமாக இருக்கிறதே?

பதில்: நியாயமான பயம். 2014இல் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்ணுக்குள் போனவையும் லயங்கள்தான். வெட்டிய மண் திட்டுக்குக் கீழேயோ, கான் (வடிகால்) அடைத்துத் தண்ணீர் தேங்கும் இடத்திலோ ஒதுங்க வேண்டாம். போகும் இடத்தை வெயில் நாளிலேயே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

மழையை அளக்க நேரான பால்மா டின் ஒன்று போதும். திறந்தவெளியில் வையுங்கள். ஒரு நாளில் ஏழரை சென்டிமீட்டர், அதாவது 75 மி.மீ. நின்றால் விழித்திருங்கள். 100 என்றால் மூட்டை கட்டுங்கள். 150 என்றால் யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள். அதற்கு முன்பே சுவரில் புதிதாக வெடிப்பு விட்டாலோ, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, டின்னைப் பார்க்கவே வேண்டாம், கிளம்புங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்துவிட்டது. பீலித் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: தெளிய வைத்து, துணியில் வடித்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்குப் பாத்தி மணலில் மூடிவிட்டது. மறுபடி கிழங்கு போடலாமா?

பதில்: இந்தப் போகம் வேண்டாம். வாடல் நோய்க் கிருமி தண்ணீரோடு பரவும். மணலை அள்ளிவிட்டு, மண் காய்ந்ததும் போஞ்சி (பீன்ஸ்) போடுங்கள். தக்காளியும் ஆகாது.

கேள்வி: சேதத்தைத் தோட்டத் துரையிடம் (மேலாளரிடம்) சொல்லிவிட்டோம். போதாதா?

பதில்: போதாது, அம்மா. கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் லயத்து அறைக்கு, அதாவது காம்பராவுக்கு, உறுதிப்பத்திரம் இல்லாத நம் சனங்களுக்கு அந்தத் தாள்தான் பிடிமானம். சுவரில் சேறு நின்ற கோட்டைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.